எண் மாறாத உதிரிபாகம் தரும் பாடம்

குறையுள்ள சரக்கை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். அத்துடன் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் முடிந்துவிடுகிறதா? கார் தொழிலில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால், இந்தக் கேள்வியின் கனம் நமக்குப் புரியும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலெட் கோபால்ட், சாட்டர்ன் அயான் என்ற சிறிய கார்களை விற்று வந்தது. சாவி போட்டுத் திருப்பும் ஸ்விட்சுக்குள் ஒரு சிறிய ஸ்பிரிங்தான் சாவியை அதன் நிலையில் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடிப்பு, நிறுவனமே வகுத்த அளவைவிடக் குறைவாக இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, ஓட்டுபவரின் முழங்கால் பட்டாலோ சாவி திரும்பி, ஓடும் காரில் இன்ஜின் நின்றுவிடும். ஸ்டீயரிங் இறுகிவிடும்; மோதல் நடந்தால் உயிர் காக்க வேண்டிய காற்றுப்பையும் விரியாது.

புகார்கள் வராமல் இல்லை. ஆனால் அவற்றைப் பாதுகாப்புக் குறையாகக் கருதாமல், வாடிக்கையாளரின் வசதிக் குறைவு என்றே வகைப்படுத்தினார்கள். செலவையும் காலத்தையும் கணக்குப் பார்த்து, திருத்தத்தைத் தள்ளிவைத்தார்கள். 2005-ல், சாவிக்கொத்தின் கனத்தைக் குறைக்கும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லுமாறு டீலர்களுக்குக் குறிப்பு அனுப்பினார்கள்.

2006-ல் ஸ்விட்சின் பிடிப்பை வலுவாக்கும் மாற்றத்திற்கு ஒப்புதல் தரப்பட்டது. ஆனால் உதிரிபாக எண்ணை மாற்றவில்லை! பிந்தைய கார்களில் தொல்லை குறைந்தது; முந்தைய கார்களில் தொடர்ந்தது. காரணத்தை ஆராய்ந்தவர்களோ, எண் ஒன்றே என்பதால் பொருளும் ஒன்றே என நம்பினார்கள். ஆண்டுகள் ஓடின.

2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் இத்தகைய காரில் சென்ற இளம்பெண் ஒருவர் விபத்தில் இறந்தார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் தரப்பு இன்ஜினியர் பழைய ஸ்விட்சையும் புதிய ஸ்விட்சையும் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்று, உள்ளே இருந்த பாகங்களோ வேறு. 2013-ல் குட்டு வெளிப்பட்டது.

2014 பிப்ரவரியில் தொடங்கி, சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புக் குறை தெரிந்த ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதை மீறியதற்கு 3.5 கோடி டாலர் அபராதம். 2015-ல் அரசு வழக்கை முடிக்க மேலும் 90 கோடி டாலர். கூட்டங்களில் எல்லோரும் தலையாட்டினார்கள், பொறுப்பை ஒருவரும் ஏற்கவில்லை என்பதே உள்விசாரணையில் தெரிந்தது. 15 பேர் வேலை இழந்தனர்.

நம் கடைக்கு வருவோம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு லாட்டில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது எனத் தெரிந்தால், மாறாக நிரூபணமாகும் வரை அந்த லாட் முழுவதுமே அப்படித்தான் எனக் கொள்ளப்படும். சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும். ஆகவே:

1. கொள்முதல் பில்லில் லாட் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம்.

2. புது லாட்டைப் பழைய சரக்குடன் ஒரே டின்னில் கொட்டிக் கலக்காமல் இருப்போம்.

3. திரும்பி வந்த சரக்கின் தேதி, லாட் எண், குறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஒரே குறை இரண்டாம் முறை வந்தால் விற்பனையை நிறுத்தி, மொத்த வியாபாரிக்கு எழுத்து மூலம் தெரிவிப்போம்.

மாற்றிக் கொடுப்பது ஒரு வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தும். எழுதி வைப்பதோ, அதே சரக்கை வாங்கிப்போன மற்றவர்களையும் காப்பாற்றும்.