மறந்துபோன கடவுச்சொல்

பாலாற்றின் கரையை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் இவ்வட்டாரத்தின் பெருந்தொழில்கள். இங்கு உருவாகும் தோற்பொருள்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. முற்காலத்தில் இவ்வாணிகத்தின் கணக்குகளைப் பேரேடுகளில் எழுதி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தனர். இன்றோ கணக்குகள் கணிப்பொறியில் அடங்கிவிட்டன. பெட்டி மாறிற்று, பூட்டும் மாறிற்று. இக்காலப் பூட்டின் சாவிக்குக் கடவுச்சொல் என்று பெயர்.

வணிகர் பலர் தொலைவிலுள்ள நிறுவனம் ஒன்றிடம் மெய்நிகர் வழங்கியை வாடகைக்குப் பெற்று, அதில் தம் கணக்குகளை வைக்கின்றனர். மெய்நிகர் வழங்கி என்பது யாது? ஆற்றல் மிக்க பெரிய கணிப்பொறி ஒன்றை மென்பொருளின் துணையால் பல கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக் கணிப்பொறிபோல இயங்குமாறு செய்வர். பெரிய மாளிகை ஒன்றைத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதை இஃது ஒக்கும். ஒவ்வொரு வீட்டிற்கும் தனிக் கதவு உண்டு. அக்கதவின் தலைமைச் சாவியே நிருவாகியின் கடவுச்சொல்.

அச்சொல்லை அறிந்தவர் ஒருவரே. அவரும் அதனை மறந்துவிட்டார் எனக் கொள்வோம். வழங்கி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும். ஆயினும் அதனைத் திருத்தவோ காக்கவோ ஒருவராலும் இயலாது. ஏற்றுமதிச் சரக்கின் விவரமும் தொழிலாளரின் ஊதியக் கணக்கும் உள்ளே இருக்கும். கப்பல் புறப்படும் நாளோ எவருக்காகவும் காத்திராது.

மறந்த சொல்லை வழங்கியிடமே கேட்டறியலாகாதா? ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒருங்கே பயன்படுத்திய கணிப்பொறிக்குப் பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞர் கடவுச்சொல் முறையைப் புகுத்தினார். எல்லாருடைய சொற்களும் ஒரு கோப்பில் உள்ளபடியே எழுதப்பெற்றிருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், தமக்கு ஒதுக்கப்பெற்ற நேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டெடுத்துப் பிறருடைய சொற்களைப் பயன்படுத்தினார். இத்தகைய குறையைக் களையவே, சொல்லை உருமாற்றி வைக்கும் முறை பின்னர் எழுந்தது. இராபர்ட் மாரிசு, கென் தாம்சன் என்னும் இருவரும் 1979இல் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

இம்முறையைத் தோல் தொழிலைக் கொண்டே விளக்கலாம். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தோலைப் பச்சைத்தோலாக மீட்பார் இலர். அதுபோல, உருமாறிய சொல்லினின்று மூலச்சொல்லைத் திரும்பப் பெறும் வழியில்லை. ஒருவர் கடவுச்சொல்லை இடும்போது வழங்கி அதனையும் அவ்வாறே பதப்படுத்தி, முன்பே வைத்துள்ளதோடு ஒப்புநோக்கும். இரண்டும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கும்.

ஆகவே இழந்த உரிமையை மீட்பது என்பது பழைய சொல்லைக் கண்டுபிடிப்பதன்று; புதிய சொல்லை இடுவதேயாம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்கும் வழங்கியாயின், முதலில் அதன் முழு நகலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர், வாடகைக்கு விட்ட நிறுவனம் தரும் கன்சோல் என்னும் திரையின் வழியே வழங்கியை மீண்டும் தொடங்கவேண்டும். தொடக்கத்தில் தோன்றும் பட்டியலில் உள்ள கட்டளை வரியைத் திருத்தினால், வழங்கி சொல் கேளாமலே நிருவாகிக்கு இடந்தரும். அப்போது வட்டில் எழுதும் உரிமையைப் பெற்று, புதுச்சொல்லைப் பதிந்து, மறுபடியும் தொடங்கவேண்டும். இது கைகூடாதெனின், அவ்வட்டினைக் கழற்றி வேறொரு வழங்கியில் இணைத்தும் மாற்றலாம்.

கடவுச்சொல் கதவைக் காக்குமேயன்றி, வீட்டின் அடித்தளத்தைக் காப்பதில்லை. அடித்தளத்தை ஆள்பவர் உள்ளே புகவல்லர். ஆதலின், வாடகை நிறுவனத்தில் உள்ள கணக்கைக் கண்ணெனக் காத்தல் வேண்டும். வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பெற்றிருந்தால், அதன் திறவுகோலின்றி இவ்வழியும் பயன்படாது. உரிமையின்றிப் பிறர் வழங்கியில் இதனைச் செய்வது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகும்.

நார்வே நாட்டின் ஈவார் ஆசென் மையத்தில், பேராசிரியர் யூபெடாலின் நூற்றொகுதிக்கு ஒருவர் கணிப்பொறியில் பட்டியல் அமைத்தார். அதன் கடவுச்சொல்லை எவருக்கும் கூறாமலே அவர் இறந்தார். 2002இல் மையத்தார் உலகினரிடம் உதவி வேண்டினர். பேராசிரியரின் பெயரைப் பின்னிருந்து எழுதியதே அச்சொல் என்பது விரைவில் புலனாயிற்று. எளிய சொல்லாயிருந்தமையால் பட்டியல் பிழைத்தது. ஆயினும் எளிய சொல் கள்வனுக்கும் எளிதன்றோ?

எனவே சொல் கடினமாய் இருத்தல் வேண்டும். அஃது ஒருவர் நினைவோடு மறைந்துபோகாதவாறும் காத்தல் வேண்டும். அதனைத் தாளில் எழுதி, உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, பொறுப்புடைய மற்றொருவர் அறியப் பழைய இரும்புப் பெட்டியிலேயே பூட்டி வைப்பது நன்று. பலருடைய பிழைப்புக்குரிய சாவியை ஒருவர் நினைவில் மட்டும் விட்டுவைத்தல் அறிவுடைமை ஆகாது.