கூடைப்பந்தாட்ட முன்கள வீரரின் நடைவேறுபாடு

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, இலக்கியப் பொருளொன்றையே நாம் எடுத்துக்கொள்வோம் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். தமிழ் கற்பிக்கும் நாம் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாகவும் இருக்கலாம். எனினும், மாலை வேளைகளில் மைதானத்தின் ஓரத்தில் நின்று மாணவரின் ஆட்டத்தைப் பல்லாண்டுகள் பார்த்து வந்தோம். லெப்ரோன் பெரியவரா, டுரான்ற் பெரியவரா என்று அவர்கள் வகுப்பறை வாயிலில் ஓயாது வழக்கிடுவதையும் கேட்டு வந்தோம். அவ்வழக்கே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தமிழிலே நடை என்னுஞ் சொல் காலால் நடத்தலைக் குறிக்கும், ஒழுக்கத்தைக் குறிக்கும், ஒருவர் எழுதும் முறையையுங் குறிக்கும். புகழேந்தியார் வெண்பாவினாற் பெயர் பெற்றார். சயங்கொண்டார் பரணியினாற் பெயர் பெற்றார். இவ்விருவருள் எவர் பெரியவர் என்று வினாவுதலினும், எவர் எதனை எவ்வாறு செய்தார் என்று வினாவுதலே கற்பார்க்குப் பயன் தருவதாகும். புள்ளி ஈட்டும் வீரரையும் அவ்வாறே நோக்குவோம்.

முதற்கண் ஆட்டத்தின் கணக்கைச் சிறிது தெளிந்துகொள்ளல் வேண்டும். 1891ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் பழக்கூடைகளை மேன்மாடத்தில் மாட்டி இவ்விளையாட்டைத் தொடங்கினார். இன்று வளையம் நிலத்திலிருந்து 10 அடி உயரத்தில் உள்ளது. சாதாரண எறிகைக்கு 2 புள்ளி. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழின்முறைச் சங்கம் 1979-80ஆம் பருவந் தொட்டு, தொலைவிலுள்ள வளைகோட்டிற்கு அப்பாலிருந்து எறிவதற்கு 3 புள்ளி வழங்கி வருகின்றது. எறிய முயல்பவரை எதிரணியார் விதிமீறித் தடுத்தால், எவரும் மறிக்காது எறியும் தண்ட எறிகை தரப்படும். அது ஒவ்வொன்றும் 1 புள்ளி.

இனி, நூறு முயற்சிகளை எண்ணிப் பார்ப்போம். 2 புள்ளி எறிகையிற் பாதி விழுந்தால் 100 புள்ளி கிடைக்கும். 3 புள்ளி எறிகையில் நூற்றுக்கு நாற்பதே விழுந்தாலும் 120 புள்ளி கிடைக்கும். நூறு முறை இவ்விரண்டு தண்ட எறிகைகள் பெற்று, அவற்றில் நான்கிற்கு மூன்று விழச் செய்பவருக்கு 150 புள்ளி கிடைக்கும். ஆகவே ஒரு வீரர் எத்தனை புள்ளி பெற்றார் என்பது மட்டும் போதாது. எத்தனை முயற்சியில், எவ்வழியாற் பெற்றார் என்பதும் அறியற்பாலது.

முன்கள வீரர் என்போர் பெரும்பாலும் வளையத்திற்கு அணித்தாகவும் பக்கங்களிலும் நின்று ஆடுபவர். இவருள் வலிமையை வழியாகக் கொண்டவருக்குக் காள் மலோன் நல்ல எடுத்துக்காட்டு. இவர் உயரம் 6 அடி 9 அங்குலம். யூற்றா அணியிலே 1985 முதல் 2003 வரை ஜோன் ஸ்ரொக்டனுடன் இணைந்து ஆடினார். ஸ்ரொக்டனைத் தொடரும் எதிரிக்கு முன்னே மலோன் மதில்போல நிற்பார். எதிரி தடைப்பட்ட கணத்திலே தாம் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவார். பந்து அவர் கைக்கு வந்து சேரும். எதிரணியார் எல்லாரும் அறிந்த உத்தி இது. ஆயினும் தடுத்தல் அரிதாயிற்று. தடுக்கப் புகுந்தோர் விதிமீற நேர்ந்தமையால் தண்ட எறிகைகள் குவிந்தன. தம் முதற்பருவத்தில் இவர் அவற்றுள் நூற்றுக்கு 48 அளவே இட்டார். அக்குறையை அவர் அவ்வாறே விட்டிருந்தால், வலிமையால் ஈட்டிய வாய்ப்பிற் பாதி வீணாகியிருக்கும். இடைவிடாப் பயிற்சியால் அதனை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் உயர்த்தினார். விளையாட்டை விட்டு நீங்கியபொழுது அவர் பெற்ற புள்ளி 36,928. அவற்றுள் 9,787 தண்ட எறிகையால் வந்தவை.

கிரேக்க நாட்டிலே நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த யானிஸ் அன்ரெற்றோகும்போவும் இவ்வழியினரே. தண்ட எறிகையிலே தடுமாறுபவர் என்று எதிரணி இரசிகரால் எள்ளப்பட்ட இவர், 2021ஆம் ஆண்டின் இறுதித் தொடரை வென்ற ஆட்டத்தில் 19 தண்ட எறிகைகளுள் 17ஐ இட்டு 50 புள்ளி பெற்றார்.

இதற்கு மறுதலையான வழி லறி பேர்ட்டினுடையது. இவரும் 6 அடி 9 அங்குலத்தினரே. ஆனால் விரைந்து ஓடவோ உயரத் துள்ளவோ வல்லவர் எனப் பெயர் பெற்றவரல்லர். தமக்கு இல்லாததைக் கண்ணாலும் கையாலும் ஈடுசெய்தார். பந்தை வலத்தோளின் மேலே, காதின் பக்கமாக உயர்த்தி எறிவது அவர் முறை. 3 புள்ளிக் கோடு புதிதாய் வந்து, பலரும் அதனைப் பொருட்படுத்தாதிருந்த காலத்திலே பொஸ்ரன் அணிக்கு ஆட வந்த அவர், அக்கோட்டின் பயனை உணர்ந்தார். 1986 முதல் 1988 வரை நடந்த முதல் மூன்று 3 புள்ளி எறிகைப் போட்டிகளிலும் அவரே வென்றார். களத்தெறிகையில் நூற்றுக்கு 50, 3 புள்ளி எறிகையில் 40, தண்ட எறிகையில் 90 என்னும் மூவெல்லைகளையும் ஒரே பருவத்தில் எட்டுவது மிகச் சிலரால் முடிந்தது. பேர்ட் 1986-87, 1987-88 ஆகிய இரு பருவங்களில் அதனைச் செய்தார்.

ரிம் டங்கனுடைய நடை அடக்கமானது. கரிபியக் கடலின் வேர்ஜின் தீவுகளிற் பிறந்த அவர் இளமையில் நீச்சல் வீரர். 1989இல் வீசிய ஹியூகோ சூறாவளி அவர் பயின்ற நீச்சற் குளத்தை அழித்தது. அதன் பின்னரே அவர் கூடைப்பந்திற் கருத்தூன்றினார். பக்கவாட்டில் நின்று, பந்தைப் பலகையிலே பட்டு வளையத்துள் விழுமாறு எறிவது அவர்க்குக் கைவந்த கலை. காண்பார் கைதட்டி ஆர்ப்பரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆட்டமொன்றிற்கு அவர் பெற்ற சராசரி 19 புள்ளிதான், மலோனுடையது 25. ஆயினும் சான் அன்ரோனியோ அணி டங்கனோடு 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வாகை சூடியது. மலோனுக்கு ஒரு முறையேனும் அப்பேறு கிட்டவில்லை. அணியின் வெற்றி ஒருவர் கையில் மட்டும் தங்கியதன்று என்பதையும், சராசரி ஒன்றையே கொண்டு வீரரை அளத்தல் பொருந்தாது என்பதையும் இவ்விருவர் வரலாறும் உணர்த்துகின்றன.

அடுத்து நாம் எடுத்துக்கொள்பவர் ஜேர்மனியைச் சேர்ந்த டேர்க் நொவிற்ஸ்கி. 7 அடி உயரமுடைய ஒருவர் வளையத்தின் கீழ் நின்று முட்டி மோதவேண்டும் என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. அவருடைய பயிற்றுநர் ஹோல்கர் கெஷ்விண்ட்னரோ கணிதமும் பௌதிகவியலும் கற்றவர். நெடிதுயர்ந்த அவ்விளைஞருக்கு எறிகையின் எந்தக் கோணம் ஏற்றதெனக் கணக்கிட்டுக் கற்பித்தார். நாளடைவில் ஒற்றைக் காலில் நின்று, மற்றைக் காலின் முழந்தாளை உயர்த்தி, பின்புறஞ் சாய்ந்து எறியும் முறையொன்று நொவிற்ஸ்கிக்கு உரியதாயிற்று. மறிப்பவர் கை அதனை எட்டாது. இரு காலையும் ஊன்றி, நேரே எழும்பி எறிக என்பதே பாடநூல் விதி. அவ்விதிப்படி நோக்கினால் இது பிழையான எறிகை. 2011ஆம் ஆண்டில் ஒக்லகோமா அணிக்கு எதிரான ஆட்டமொன்றில் அவர் 15 களத்தெறிகைகளுள் 12ஐயும், 24 தண்ட எறிகைகள் அனைத்தையும் இட்டு 48 புள்ளி ஈட்டினார். அவ்வாண்டு அவர் அணியாகிய டலஸ் வாகை சூடியது.

இவ்விடத்தில் நம்முடைய பிழையொன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஆசிரியத் தொழிலிற் புகுந்த தொடக்க ஆண்டுகளில், வேறொரு பாடசாலையிலே கூடைப்பந்தாட்டப் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. மெலிந்து நெடிய மாணவன் ஒருவன் பந்தைக் காதருகே கொண்டுசென்று, ஒரு காலைத் தூக்கியபடி எறிவான். பார்ப்பதற்கு அது கோணலாக இருந்தது. மற்றைய மாணவர் நகைத்தனர். பந்து பெரும்பாலும் கூடையில் விழுந்தது. நூற்றுக்கு எத்தனை விழுந்தது என்று நாம் எண்ணவில்லை. கையேட்டில் உள்ள படத்தைக் காட்டி அவனைத் திருத்தினோம். இரண்டு மாதத்தில் அவன் பழைய முறையை இழந்தான். புதிய முறையும் அவனுக்குக் கைவரவில்லை. ஒருநாள் தன் சப்பாத்தை நண்பன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, மைதானத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டான். சில ஆண்டுகளின் பின்னர் நொவிற்ஸ்கியின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டபொழுது, முதலில் நம் நினைவிற்கு வந்தவன் அம்மாணவனே.

ஆயின், மாணவர் எறிவதெல்லாம் சரியென்று விட்டுவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. இதற்கு லெப்ரோன் ஜேம்ஸ் சான்றாவார். மலோனை யொத்த உடல்வலியும், பிறர்க்குப் பந்து வழங்கும் நுண்ணறிவும் ஒருங்கே வாய்த்தவர் அவர். ஆயினும் 2011ஆம் ஆண்டின் இறுதித் தொடரில், அவருடைய மயாமி அணி நொவிற்ஸ்கியின் டலஸ் அணியிடம் தோற்றது. அத்தொடரில் அவர் சராசரி 18 புள்ளிக்கும் சற்றுக் குறைந்தது. ஓடி வரும் வழி அடைபட்டபொழுது மாற்று வழி அவரிடம் போதியதாக இருக்கவில்லை. தோல்விக்குப் பின் அவர், முன்னாள் வீரர் ஹக்கீம் ஒலாஜுவானிடம் சென்று, வளையத்திற்கு முதுகு காட்டி நின்று ஆடும் முறையைக் கற்றார். ஏற்கெனவே பெரும்புகழ் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவராய் அமர்ந்தார் என்பது நாம் கருதத்தக்கது. 2012இலும் 2013இலும் மயாமி வாகை சூடியது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளி என்னும் எல்லையை லெப்ரோன் கடந்தார். பாய்ந்து சென்று கூடையில் இடுவதாற் புகழ்பெற்ற அவர், அவ்வெல்லையைக் கடந்தது பின்சாய்ந்து எறிந்த எறிகையொன்றினாலேயாம். 2024இல் 40,000 புள்ளியை எட்டிய முதல்வரும் அவரே.

மாணவர் பெயர் சொல்லி வழக்கிடும் கெவின் டுரான்ற்றும் இவ்வாறே பிறரிடங் கற்றவர். ஏறக்குறைய 7 அடி உயரமும், சிறிய வீரர்க்கு உரிய கைத்திறனும் அவரிடம் ஒன்றுசேர்ந்துள்ளன. நான்கு பருவங்களில் சராசரியால் முதலிடம் பெற்ற அவர், நொவிற்ஸ்கியின் ஒற்றைக்கால் எறிகையையுந் தம் உடலுக்கேற்பப் பழகிக்கொண்டார்.

இவற்றால் நாம் அறிவது யாது? மலோன் தம் வலிமையிலிருந்தும், பேர்ட் தம் கண்ணிலிருந்தும், டங்கன் தம் பொறுமையிலிருந்தும், நொவிற்ஸ்கி தம் உயரத்திலிருந்தும் தத்தம் நடையைத் தொடங்கினர். தொடங்கிய இடம் வேறு. இடையறாப் பயிற்சியும், குறையை ஒப்புக்கொண்டு கற்றலும் எல்லார்க்கும் பொது. எனவே மாணவர்காள், நீவிர் விரும்பும் வீரரின் எறிகையை அப்படியே பின்பற்றுமுன், உமது எறிகையில் நூறு எறிந்து எத்தனை விழுகின்றதென எண்ணி எழுதிவையுங்கள். ஒரு மாதம் பயின்று மீண்டும் எண்ணுங்கள். உயர்ந்தால் அது உமது நடை. உயராவிடின் கற்றாரை நாடுங்கள்.

ஆசிரியராகிய நாமும் ஒருவரைத் திருத்துமுன் எண்ணிப் பார்க்கக் கடவோம். கட்டுரைக் கொப்பியில் மாணவன் எழுதிய வசனத்திற்கும் இது பொருந்தும். இலக்கணப் பிழையைத் திருத்துதல் நம் கடன். ஆனால் நம்முடைய வசனத்தைப் போல அவன் வசனம் இல்லை என்பது பிழையாகாது. அன்று சப்பாத்தைக் கொடுத்துவிட்டுச் சென்ற மாணவன் எங்கிருப்பினும் நலமே வாழ்க. அவனுக்குச் செய்யத் தவறியதை, இன்று இக்கல்லூரி மைதானத்திற் பந்தெடுக்கும் பிள்ளைகட்குச் செய்ய முயல்கின்றோம்.