மலையைச் சுற்றிப் பழகிய கால்களுக்கு

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விசா, வங்கிக் கடன், தங்குமிடம், பகுதிநேர வேலை எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். விடுமுறை விட்டதும் நாலு நண்பர்களோடு காடு, மலை, கடல் என்று கிளம்புவீர்களே, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வீட்டில் கேட்டால் "போகாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். திருவண்ணாமலையில் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். என்னைக் கேட்டால் போகத்தான் சொல்வேன். கிளம்பும் முன் இவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. வகுப்பறையோடு நின்றுவிடாதீர்கள். பட்டம் இல்லை என்பதால் இங்கே விலங்கியல் வேலை கிடைக்காத பறவையியலாளர் சாலிம் அலி, 1929இல் பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பாடம் கேட்டார். அதோடு விடவில்லை. வட கடலில் இருக்கும் ஹெலிகோலாந்து தீவுக்குப் போய், வலசை வரும் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் முறையை நேரில் பழகினார். பிற்காலத்தில் அவர் வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் கோடிக்கரையில் ஆண்டுக்கணக்காகப் பறவைகளுக்கு வளையம் மாட்டியது. உங்கள் பல்கலைக்கழகத்திலும் மலையேற்றக் குழு, பறவை பார்ப்போர் குழு ஏதாவது இருக்கும். முதல் வாரமே போய்ப் பெயர் கொடுங்கள். தனியாகப் போவதைவிட அவர்களோடு போனால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

2. தள்ளி நின்று பாருங்கள். கிரிவலம் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2,668 அடி உயர மலை கண்ணெதிரே நிற்கிறது. உச்சியை மிதித்தால்தான் பக்தி என்று நம் முன்னோர் வைக்கவில்லை. எட்டு லிங்கங்களையும் தொழுது, 14 கிலோமீட்டர் சுற்றி வந்து வணங்குவதைத்தான் பெரிதாக வைத்தார்கள். காட்டு விலங்கையும் இப்படி வலம் வருவது போலவே பாருங்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் கரடி, ஓநாய் என்றால் 100 மீட்டர், மான் இனங்கள் என்றால் 30 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிக்கரடியை 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை அது 500 மீட்டர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் அதிகம் பேரைக் காயப்படுத்துவது கரடி அல்ல, சாதுவாக மேய்கிற காட்டெருமைதான். அதன் பக்கத்தில் செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள்தான் முட்டு வாங்குகிறார்கள். மீட்டர் கணக்கு நினைவில் நிற்காவிட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணால் பாருங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைய வேண்டும். மேய்ந்துகொண்டிருந்தது தலை தூக்கி உங்களைப் பார்த்தாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்வாங்குங்கள்.

3. அடைத்த பாதையில் கால் வைக்காதீர்கள். நம் மலையில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது என்று தெரிந்தும் ஏறி, வழி தவறி, இரவில் தேடிப் பிடித்து இறக்கப்பட்டவர்கள் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் பறிகொடுத்த ஊர் நம்முடையது. மழைக்குப் பின் மலை எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். நீங்கள் போகும் நாடுகளில் பனிச்சரிவு, காட்டுத்தீ, குட்டியோடு திரியும் கரடி என்று ஏதோ ஒன்றுக்காகப் பாதையை மூடியிருப்பார்கள். காரணம் பலகையில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

4. எந்த விலங்குக்கும் தின்னக் கொடுக்காதீர்கள். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். கிரிவலப் பாதையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் நீட்டி நீட்டி, மலையில் இரை தேட வேண்டிய குரங்குகளைப் பையைப் பிடுங்குகிறவையாக மாற்றிவிட்டோம். கொடுக்கிறவர்கள் புண்ணியம் என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கடி வாங்குவது அடுத்து வரும் குழந்தை, அடி வாங்குவது அந்தக் குரங்கு. கரடி விஷயத்தில் இது இன்னும் கொடுமை. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி கூடாரங்களைத் தேடி வரும். விரட்டிப் பார்த்தும் அடங்காவிட்டால் பூங்கா ஊழியர்களே அதைச் சுட்டுவிடுவார்கள். அதனால்தான் கனடாவில் தேசியப் பூங்கா விலங்குக்கு உணவு கொடுத்தால் 25,000 டாலர் வரை அபராதம். நாம் கட்டிக்கொண்டு போகும் புளிசாதம், எலுமிச்சை சாதம், ஊறுகாய் எல்லாம் வெகுதூரம் மணக்கும். ஒரு துணுக்கு கூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. முகாமில் இதற்கென்றே இரும்புப் பெட்டி இருக்கும். சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்டுங்கள். மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்ப்ரே வாங்கினால் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், பைக்குள் போட்டால் பயன் இல்லை. நடக்கும்போது சத்தமாகப் பேசுங்கள், பாடுங்கள். நீங்கள் வருவது தெரிந்தால் பெரும்பாலும் கரடியே விலகிப் போய்விடும்.

5. விலங்கைவிடத் தண்ணீருக்கு அதிகம் பயப்படுங்கள். வெளிநாட்டில் படிக்கப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் அருவியிலும் கடலிலும் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் தகப்பனை நினைத்து நெஞ்சு பதறுகிறது. நம் ஊரில் கடல் இல்லை. சாத்தனூர் அணையைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. பலருக்கு நீச்சலே தெரியாது. போவதற்கு முன் கற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியக் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், மிதந்தபடி கையை உயர்த்துங்கள். ஸ்காட்லாந்து ஏரிகளில் கோடையிலும் தண்ணீர் சில்லிட்டிருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக வாரிக்கொள்ளும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே போகிறது. மல்லாந்து மிதந்து, மூச்சு நிதானப்பட்ட பிறகு கரைக்கு வாருங்கள். வட ஆஸ்திரேலியாவின் ஆற்றங்கரையிலோ நீரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். சாத்தனூரில் வேலிக்குப் பின்னால் முதலை பார்த்திருப்பீர்கள். அங்கே வேலி கிடையாது, முதலையும் பல மடங்கு பெரியது.

6. பாம்புக்கடிக்கு ஊருக்கு ஊர் முதலுதவி வேறு. இங்கே கட்டுப் போடாதே, கீறாதே, ஆடாமல் அசையாமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லித் தருகிறோம். கண்ணாடி விரியன் கடித்த இடத்தை இறுக்கிக் கட்டினால் சதை அழுகிப்போகும். ஆஸ்திரேலியாவிலோ கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான கட்டுத்துணியைச் சுற்றி, அசையாமல் படுத்து, உதவியை அங்கேயே வரவழைக்கச் சொல்கிறார்கள். அங்குள்ள பாம்புகளின் நஞ்சு நிணநீர் வழியாகப் பரவுவதை அது தாமதப்படுத்தும். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு முறையைப் படித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடிக்க மட்டும் போகாதீர்கள். நம் மலையின் விருபாட்சி குகையில் பாம்புகள் வந்துபோன காலத்தில், அவை இருக்கும் இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லி அவற்றைத் தொந்தரவு செய்ய விடாதவர் ரமணர்.

7. மண்ணை அறிந்தவர்களிடம் கேளுங்கள், அவர்கள் படித்தவர்களா என்று பார்க்காதீர்கள். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், தன் சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை அழைத்தது. மாசி சடையன், வடிவேல் கோபால். விஞ்ஞானிகளும் வேட்டைக்காரர்களும் கண்ணில் படாமல் தவித்த பாம்புகளில் 13ஐ முதல் இரண்டு வாரத்துக்குள் பிடித்துக் கொடுத்தார்கள். ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் பதுங்கியிருந்தது. அவசரமில்லாத நடை, புல்லில் விழுந்த தடம், எச்சம், வெயில் விழும் கரை, இவைதான் அவர்களுக்குக் கருவி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மாவட்டத்திலும் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன், மூத்தவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு ஒரு காலைப் பொழுது அவர் பின்னால் நடந்து பாருங்கள். போகும் நாட்டிலும் அந்த மண்ணின் பழங்குடிகள் வழிகாட்டும் நடைப்பயணம் இருந்தால் அதற்குக் காசு சேர்த்துவையுங்கள்.

8. அம்மா பெட்டியில் வைக்கும் ருத்ராட்சமும் மயிலிறகும் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் சிக்கலாகும். விதை, இறகு, மண் ஒட்டிய செருப்பு எல்லாவற்றையும் படிவத்தில் காட்டியாக வேண்டும். மயிலிறகை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

9. அந்தியிலும் விடியலிலும் ஆஸ்திரேலியக் கிராமச் சாலைகளில் கார் ஓட்டாதீர்கள். கங்காரு பாயும் நேரம் அது. சில வாடகைக் கார் ஒப்பந்தங்களில் இரவு விபத்துக்குக் காப்பீடே கிடையாது.

10. தெற்கு ஜெர்மனிப் புல்வெளிகளில் நடந்துவிட்டு வந்தால் அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அது பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, போட்டுக்கொள்ளுங்கள்.

11. வீட்டுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஊர் திரும்பிய பிறகு படம் அனுப்பி ஆச்சரியப்படுத்த வேண்டாம். எந்தக் காடு, எந்தப் பாதை, யாரோடு, எப்போது திரும்புவீர்கள் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். ஐரோப்பாவில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000 என்ற அவசர எண்களை மனப்பாடம் செய்யுங்கள். காட்டில் செல்போன் சிக்னல் இருக்காது. அதனால் அறையில் உடன் தங்கும் நண்பரின் எண்ணை அப்பாவிடம் கொடுத்து, நம் நேரப்படி இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் இவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.