பாரிசவாதமும் உடற்சமநிலையும்

சிங்கப்பூரின் மேற்கு முனையில் உள்ளது துவாஸ் தொழிற்பேட்டை. 1998ஆம் ஆண்டில் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது முதல் ஜொகூர் மக்கள் பலர் அவ்வழியே வேலைக்குச் சென்று வருகின்றனர். அங்கே ஒருவரைப் பாரிசவாதம் தாக்கினால், ஜூரோங் ஈஸ்ட்டில் 2015இல் திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை உண்டு. பிழைத்தவர் மீண்டும் நிற்கவும் நடக்கவும் பழக, அதனையொட்டி ஜூரோங் சமூக மருத்துவமனையும் உண்டு. ஆயினும், வீடு திரும்பியபின் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறியுமாயின், பெற்ற நலம் யாவும் வீணாகக்கூடும். ஆகவே, இயன்முறை சிகிச்சைத் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளும், நோயாளியைப் பேணும் குடும்பத்தாரும் அறியவேண்டிய பாடம் ஒன்றை இங்கே தருகிறோம்.

சமநிலை என்பது யாது?

காண்டா வாளியில் பால் சுமந்தோர் இதனை நன்கறிவர். ஒரு வாளி கனத்தால், உடல் தானாகவே மறுபக்கம் சாய்ந்து சரிசெய்துகொள்ளும். கண்கள், உட்செவி, பாதமும் மூட்டுகளும் என மூவிடத்திலிருந்து வரும் செய்திகளை மூளை ஒப்பிட்டுத் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. பாரிசவாதம் செய்தியையோ, ஒப்பிடுதலையோ, கட்டளையையோ கெடுக்கலாம். கெட்டது எதுவெனக் கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி.

அளப்பது எங்ஙனம்?

கனடாவின் கேத்தரின் பெர்க் குழுவினர் 1989இல் வெளியிட்ட பெர்க் அளவுகோலில் 14 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56 புள்ளிகள். கூட்டுத்தொகையை மட்டும் மனனம் செய்தல் போதாது. இருவர் ஒரே புள்ளி பெறலாம். ஒருவர் கண்ணை மூடினால் தள்ளாடுவார், மற்றவர் திரும்பும்போது தடுமாறுவார். இருவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

மாணவர் தவறும் இடம்

நோயாளிகள் சிலர், நல்ல கையாலும் காலாலும் ஊன்றித் தம்மை வலுவிழந்த பக்கமாகவே தள்ளுவர். நேராக நிமிர்த்தினால் விழுவதாக அஞ்சுவர். வலிந்து இழுத்தால் மேலும் தள்ளுவர். அவர்களுக்குக் கதவுநிலை போன்ற செங்குத்தான பொருளைக் காட்டி, ‘நேர்’ எதுவெனக் கண்ணால் உணரச் செய்தல் வேண்டும்.

குடும்பத்தாருக்கு

துணை நிற்போர் வலுவிழந்த பக்கத்தில், சற்றுப் பின்னே நிற்க வேண்டும். இடுப்பு வாரைப் பற்றுவதே முறை. வலுவிழந்த கையை இழுத்தல் கூடாது. தோள்மூட்டு விலக நேரிடும். சிகிச்சையாளர் கற்பித்த பயிற்சியை அசையாத நாற்காலியருகே நாள்தோறும் செய்விக்க வேண்டும்.

மீள்பார்வை வினா: நோயாளியின் எப்பக்கத்தில் நிற்பீர்? ஏன்? வீட்டிலுள்ள அனைவரும் இதற்கு விடை கூற அறிந்திருத்தல் நன்று.