பஞ்சாமிர்தத்துல பாதி கரும்பு: கொல்லிமலை அடிவாரத்துப் பாடம்



போன தைப்பூசத்துக்கு வீட்டிலேயே பஞ்சாமிர்தம் பண்ணினேன். பழம் கொல்லிமலைப் பழம், சோளக்காட்டுல வாங்கினது. தேனும் அங்கேதான். ஆனா மூணாம் நாளே புளிச்சுப் போச்சு. அம்மா ருசி பார்த்துட்டு, "பழத்துல குத்தமில்ல, நீ வாங்கின சக்கரை சரியில்ல"ன்னு சொன்னாங்க. அன்னைக்குத்தான் கரும்பைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன்.

காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனா வாழை, பலா, மிளகு, அன்னாசி, சாமை எல்லாம் இருக்கு. வள்ளி காத்தது தினைப்புனம், வேடர் குலத்துக்குத் தேன். அதெல்லாம் மலைப் பொருள். கரும்பு அப்படியில்ல, அது தண்ணி பாயுற சமவெளிப் பயிர். கீழே இறங்கி மோகனூர், பரமத்தி வேலூர்னு காவிரிக் கரைக்குப் போனாத்தான் தோட்டம் தோட்டமா நிக்கும். அதனால பஞ்சாமிர்தத்தை மலையும் வயலும் ஒரே பாத்திரத்துல சேர்ற பிரசாதம்னு நான் நினைக்கிறேன்.

இந்தக் கரும்பு நம்ம பக்கம் வந்த கதையே அழகு. அதியமானோட முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தாங்கன்னு ஔவையார் புறநானூறு 99ஆம் பாட்டுல சொல்றாங்க. (நாவல் பழக் கதையில வர்ற ஔவை பிற்காலத்தவங்கன்னு அறிஞர்கள் சொல்வாங்க, குழப்பிக்க வேண்டாம்.) அதியமானோட தகடூர், இன்னைக்குத் தர்மபுரி. அதே காலத்துல கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைக் காரி கொன்னு, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். பிறகு தகடூரும் பெருஞ்சேரல் இரும்பொறை கைக்குப் போச்சு. அந்த இரும்பொறை மரபோட பழைய தமிழிக் கல்வெட்டு கரூர் மாவட்டம் புகளூர்ல இருக்கு. அங்கே குன்று மேல யார் இருக்கார்? பாலசுப்பிரமணிய சுவாமி!

இன்னொரு விஷயம் தெரிஞ்சப்ப எனக்குச் சிலிர்த்துடுச்சு. சரவணம்னா நாணல் காடு. நம்ம சாமி பிறந்த இடம். கரும்பும் அதே புல் வகைதான். 1912ல கோயம்புத்தூர்ல கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கினாங்க. அங்கே பார்பரும் டி. எஸ். வெங்கடராமனும் இனிப்பான கரும்பைக் காட்டு நாணலோட சேர்த்து 'கோ 205' ரகத்தை உண்டாக்கினாங்க. நாணல்கிட்ட இனிப்பு கம்மி, ஆனா வறட்சியையும் நோயையும் தாங்குற வலு உண்டு. அந்த வலு கரும்புக்கு வந்துச்சு. இன்னைக்கு ஆலைக்குப் போற கரும்புல பெரும்பாலும் அந்த நாணல் ரத்தம் ஓடுது. பொங்கலுக்குக் கடிச்சுத் தின்கிற செங்கரும்பு வேற, அதை இதோட சேர்க்காதீங்க.

சரி, சக்கரைக்கு வருவோம். நம்ம கொங்கு, சேலம் பக்கம் சக்கரைன்னா நாட்டுச்சக்கரைதான், வெள்ளையா இருக்கிறது அஸ்கா. ஆலைக் கொட்டகையில கரும்பை ஆட்டி, சாற்றைப் பெரிய கொப்பரையில ஊத்திக் காய்ச்சுவாங்க. அடுப்புக்கு விறகு வாங்க வேண்டாம், காய்ஞ்ச சக்கையே எரியும். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டா அழுக்கு நுரையா மேல வரும், அதை அள்ளி எடுத்துக்கிட்டே இருக்கணும். பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில கொட்டி, ஆற ஆறத் தேய்ச்சா நாட்டுச்சக்கரை. அச்சுல போட்டா வெல்லம். 100 கிலோ கரும்புக்கு ஏறக்குறைய 10 கிலோதான் தேறும். வெட்டின கரும்பை ரெண்டு மூணு நாள் போட்டு வெச்சா அதுவும் குறையும்.

இங்கதான் பிரச்சினை. நாம கடையில மஞ்சளா, பளபளன்னு இருக்கிறதைக் கேட்கிறோம். அந்த நிறத்துக்காகச் சிலர் ஹைட்ரோஸ்னு ஒரு ரசாயனம் போடுறாங்க, எடை கூட அஸ்காவைக் கலக்கிறாங்க. சேலம், நாமக்கல் பக்கம் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு இந்த மாதிரி வெல்லத்தைப் பறிமுதல் பண்ணின செய்தி அடிக்கடி வருது. கலப்படம் பண்றவன் விலையைக் குறைச்சு வித்தா, சுத்தமாக் காய்ச்சுறவருக்கு நஷ்டம். அடுத்த வருஷம் அவரும் கொட்டகையை மூடிடுவார். அப்புறம் நாம தேடினாலும் கிடைக்காது.

பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்கு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல நாட்டுச்சக்கரை வாங்குது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதத்துல அதுதான் முதல். எடப்பாடி பக்தர்கள் காவடியோட நடந்து போய் மலை மேலேயே டன் கணக்குல பஞ்சாமிர்தம் பண்ணி, ஒரு ராத்திரி அங்கேயே தங்குறாங்களே, அந்தப் பெரிய அண்டாக்களை ஒருதரம் பார்க்கணும்!

கரும்போட வேற பயன்களையும் சொல்லிடுறேன். கருப்பஞ்சாறு அபிஷேகம் தெரியும். பிள்ளை வரம் கேட்டுக் கிடைச்சவங்க கரும்புத் தொட்டில் கட்டிக் குழந்தையோட பிரகாரம் சுத்துறதையும் பார்த்திருப்பீங்க. தோகை மாட்டுக்கு. ஆலையில மிஞ்சுற கழிவுப்பாகுல எரிசாராயம், வடிகட்டின மண்டி வயலுக்கு உரம். சக்கை காகிதமாகுது. மேல சொன்ன புகளூர் பக்கத்துலதான் 1979ல உருவான தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். உங்க பூஜை அறையில இருக்கிற கவசப் புத்தகம்கூடக் கரும்பா இருந்ததா இருக்கலாம்!

இந்தத் தடவை நான் பண்ணின அளவு: நல்லாப் பழுத்த, ஆனா கறுத்துப் போகாத மலைப்பழம் பத்து. கறுஞ்சிவப்பா, காய்ஞ்சு உதிர்ற நாட்டுச்சக்கரை கால் கிலோ. விதை எடுத்த பேரீச்சம்பழம், கல்கண்டு, ரெண்டு ஸ்பூன் நெய், ரெண்டு ஸ்பூன் தேன், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. சக்கரை பழத்தோட ஈரத்தை இழுத்துப் பிடிச்சுக்கிறதாலதான் பஞ்சாமிர்தம் கெடாம இருக்கு. சக்கரையே ஈரமா இருந்தா அந்த வேலை நடக்காது, போன வருஷம் எனக்கு நடந்தது அதுதான். கையால பிசைஞ்சு, காய்ஞ்ச கரண்டியால எடுங்க.

இந்த வருஷம் பத்து நாள் தாங்குச்சு. அதுக்குள்ள தீர்ந்தும் போச்சு.