படத்துக்கு முன்னால் படிகம்

முசரவாக்கம்

அன்பு மகளுக்கு,

கரிம மீக்கடத்திகளில் காந்தச் சுழல்களைப் படம்பிடிக்கும் ஆய்வில் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சேர். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் படங்களின் அழகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே அம்மா.

மீக்கடத்திக்குள் காந்தப்புலம் நுண்ணிய இழைகளாகப் புகும் இடங்கள் என்று இயற்பியலாளர் அப்ரிகோசோவ் 1957இல் கணக்கில் கண்ட சுழல்களை, 1967இல் ஸ்டட்கார்ட்டில் எஸ்மானும் ட்ராய்பிளும் கண்ணுக்குக் காட்டினார்கள். ஈயம்-இண்டியம் கலவையின்மேல் நுண்ணிய காந்தத் துகள்களைப் படியவிட்டார்கள். சுழல் வெளிவரும் இடமெல்லாம் துகள் குவிந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முக்கோண வரிசை தெரிந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதாப் ராய்சௌதுரி குழுவினர், மாலிப்டினம்-ஜெர்மேனியம் மென்படலத்தில் அந்த வரிசை உருகுவதையே பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்.

இவை இரண்டும் உலோகக் கலவைகள். நீ கையாளப்போகும் கரிம உப்போ, மிகச் சிறிய மின்னோட்டத்தில் வாரக்கணக்கில் வளர்வது. கடைசியில் கிடைப்பது, அழுத்திப் பிடித்தால் நொறுங்கும் கறுப்புத் தகடு, மில்லிமீட்டர் அளவில். மீக்கடத்தியாக மாற 12 கெல்வினுக்கும் கீழே போக வேண்டும். அந்த வழியில் 80 கெல்வின் அருகே அவசரப்பட்டுக் குளிர்வித்தால், அந்த உப்பின் கரிம மூலக்கூறின் விளிம்பில் உள்ள எத்திலீன் தொகுதிகள் ஒழுங்கின்றி உறைந்துவிடும். மீக்கடத்தும் தன்மையே மாறிப்போகும். ஒரே படிகம், குளிர்வித்த வேகம் வேறு என்றால் முடிவும் வேறு. இதைக் குறித்துவைக்காமல் எடுத்த படத்தை நான் நம்ப மாட்டேன்.

புவியின் காந்தப்புலத்தையும் மறக்காதே. நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. தகட்டுக்குச் செங்குத்தாக விழும்படி விட்டுக் குளிர்வித்தால் அதுவே சுழல்களாக உள்ளே தங்கிவிடும். ஒவ்வொரு சுழலும் சுமப்பது 2.07 × 10⁻¹⁵ வெபர் காந்தப் பாயம். கணக்குப் போட்டுப் பார், இடைவெளி 7, 8 மைக்ரோமீட்டர் வரும். கரிம உப்புகளில் சுழலின் புலம் அகலமாகப் பரவுவதால் படமும் மங்கும். சுழல் எங்கே சிக்கி நிற்கிறது என்பது படிகத்தின் குறையையும் சொல்லும். ஆகவே வரிசை கலைந்த படத்தை ஒதுக்கிவிடாதே, அதில்தான் சேதி அதிகம்.

கரிமப் படிகங்களில் காந்தத்தன்மையை ஆராய்வது நமக்குப் புதிதும் அல்ல. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவில் இருந்த நாளிலேயே கரிமப் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு காந்தத்தன்மை என்று அளந்தார். மூலக்கூறுகள் உள்ளே எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதை அந்த அளவீடுகளிலிருந்து சொன்னார். படிகத்தைக் கையில் எடுத்துப் பழகியவருக்கே அது வாய்க்கும்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் ஸ்குவிட் உணரிகளைத் தாங்களே செய்கிறார்கள். விடுமுறைக்கு வருமுன் அதைப் பார்க்க அனுமதி கேட்டு அங்கே எழுது. நீ சேரப்போகும் ஆய்வகத்துக்கும் ஒரு கடிதம் போடு: அங்கே படிகம் வளர்ப்பவர் யார், முதல் ஆறு மாதம் அவரிடம் வேலை கற்க விடுவார்களா என்று கேள். பதில் வந்ததும் எனக்குத் தெரிவி.

உன்
சித்தப்பா