வாங்குவோர் குழப்பமும் வணிகக் குறிச் சட்டமும்

கிராமத்துச் சந்தையில் மருந்தோ பிஸ்கட்டோ வாங்குபவருக்கு அதன் உட்பொருளைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. முன்பு வாங்கியது நன்றாக இருந்தது என்ற அனுபவத்தை அவர் ஒரு பெயராகவே நினைவில் வைத்திருக்கிறார். தரத்தை ஆராயும் செலவை வணிகக் குறி மிச்சப்படுத்துகிறது என்பர் பொருளியலார். அதைப் போன்ற வேறொரு பெயர் கடையில் நுழைந்துவிட்டால், அவருடைய நம்பிக்கை பிறர் சரக்குக்குப் பயன்பட்டுவிடுகிறது.

1958ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு ஒரே அளவுகோலைத் தந்துள்ளன. ஏமாற்றவோ குழப்பம் விளைவிக்கவோ கூடிய அளவுக்கு ஒப்புமை இருத்தல் கூடாது. எவரேனும் உண்மையில் ஏமாந்தார் என மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஏமாறக்கூடும் என்பதே போதும். அப்படி ஏமாறக்கூடியவர் யார் என்பதில்தான் வழக்குகள் திரும்புகின்றன.

'அமிர்ததாரா' என்ற பழைய மருந்துக்கும் 1923 முதல் விற்கப்பட்ட 'லக்ஷ்மண்தாரா'வுக்கும் இடையே எழுந்த வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்றம் சொற்களைப் பிரித்துப் பொருள் கண்டது. அமுதத்தின் தாரை வேறு, இலக்குவனின் தாரை வேறு என்றது. 1962இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. சராசரி அறிவும் குறைபட்ட நினைவும் உடையவர் சொல்லின் வேர்களை ஆராய்வதில்லை. பெயரை முழுமையாகவே கேட்கிறார் என்பது அதன் முடிவு. எனினும், நெடுங்காலம் எதிர்ப்பின்றி நேர்மையாக வழங்கிவந்த பெயர் என்பதால் 'லக்ஷ்மண்தாரா'வின் பதிவு உத்தரப் பிரதேச எல்லைக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1972இல், இரு பிஸ்கட் உறைகளைப் பற்றிய பார்லே வழக்கிலும் இதே நோக்கு தொடர்ந்தது. உறைகளை அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணுதல் தவறு. ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றைப் பிறிதொரு நாளில் காண்கிறார் என்பதை மறக்கலாகாது.

தமிழர்க்கு மிகவும் அணுக்கமான வழக்கு சென்னை மூக்குப்பொடி பற்றியது. 'ஸ்ரீ அம்பாள்' என்ற குறி முன்னமே வழக்கிலிருக்க, 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயர் கொண்ட சீட்டுக்குப் பதிவு கோரப்பட்டது. ஒருத்தி சிவனின் துணைவி, மற்றொருத்தி திருமாலை அடைந்தவள்; இவ்விருவரையும் எவர் குழப்பிக்கொள்வார் என்பது வாதம். நம் ஊர்த் தெருவில் அந்த வாதம் எடுபடக்கூடும். ஆனால் 1969இல் உச்ச நீதிமன்றம் வேறு வினாவை எழுப்பியது. இம்மூக்குப்பொடியை வாங்குவோர் இந்துக்கள் மட்டுமா, தென்னிந்தியர் மட்டுமா? கிறித்தவர், பார்சி, முஸ்லிம் வாடிக்கையாளரும், தென்னாட்டுக்கு அப்பாற்பட்டவரும் இவ்வேறுபாட்டை அறியாதிருக்கலாம். கண்ணுக்குச் சீட்டுகள் வேறாகத் தோன்றினும் காதுக்குப் பெயர்கள் ஒத்திருக்கின்றன எனக் கூறிப் பதிவு மறுக்கப்பட்டது. தமிழில் 'ஆ' என்னும் நெடில் தெளிவாக நிற்கிறது. ஆங்கில எழுத்தில் அது மறைந்துபோவதை எண்ணிப் பார்த்தால், அம்முடிவு இன்னும் பொருத்தமாகப்படுகிறது.

ஒத்த ஒலி எல்லாம் குழப்பமாகிவிடாது. 'புரோட்டோவிட்', 'டிராப்போவிட்' ஆகிய வைட்டமின் மருந்துகளின் பெயர்களுக்கு அதே 1969இல் தடையில்லை எனப்பட்டது. இறுதியிலுள்ள 'விட்' இத்துறையில் பலரும் கையாளும் பொதுச்சொல். எஞ்சிய பகுதிகளே பெயர்களை வேறுபடுத்துகின்றன.

மருந்துகளில் இக்கணக்குப் பிழைத்தால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. 2001இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' இரண்டும் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கான மருந்துகள். ஒன்றில் ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃபுளோக்குவின். இவை மருத்துவமனைகளுக்கே விற்கப்படுகின்றன, கற்றறிந்த மருத்துவர் ஏமாறார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மருத்துவரும் தவறக்கூடும், மொழியால் வேறுபட்டு, எழுத்தறிவு குறைந்த மக்களும் வாழும் நாட்டில் மருந்துப் பெயருக்கு மற்றப் பொருள்களைவிடக் கடுமையான சோதனை தேவை என்றது. எனினும் அன்றே தடையாணை பிறப்பிக்காமல், இந்நெறிகளின்படி வழக்கை முடிக்குமாறு கீழ் நீதிமன்றத்துக்கே விட்டது.

மேற்கண்ட வழக்குகளிலெல்லாம் எதிரெதிரே நின்றவர்கள் வணிகர்களே. குழம்பியவர் பெயர் ஆவணங்களில் இல்லை. ஆயினும் பதிவுக்கு வரும் குறி வணிகக் குறி இதழில் வெளியான 4 மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இதற்குப் போட்டி நிறுவனமாக இருத்தல் வேண்டுவதில்லை. மருந்துப் பெயர்களைப் பொறுத்தவரையிலாவது நுகர்வோர் சங்கங்கள் அவ்விதழைத் தவறாமல் படித்துவரலாம்.